காண்டல், கருதல், உரை: ஆரம்பப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் முறை

எட்டு வயதுக் குழந்தைக்கு விஞ்ஞானத்தை எவ்வாறு புகட்டுவது என்ற கேள்வி, பார்வைக்கு எளியதாயினும், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்வியாளர்களைப் பிளவுபடுத்தி வந்திருக்கிறது. பொருளைக் கையில் கொடுத்துச் செய்ய விட்டால் அறிவு தானே பிறக்கும் என்பார் ஒரு சாரார். மனித குலம் பல நூற்றாண்டுகள் பாடுபட்டுக் கண்டதை ஒரு பிள்ளை நாற்பது நிமிஷ வகுப்பில் தானே கண்டுகொள்ளும் என்று எதிர்பார்ப்பது பேதைமை, ஆகவே தெளிவாக எடுத்துச் சொல்வதே முறை என்பார் மற்றொரு சாரார். தலைமுறைக்கு ஒரு முறை ஒரு சாராரின் கை ஓங்குவதும் மறுபடி தாழ்வதுமாக இவ்விவாதம் நடந்து வருகிறது.

இதை அளப்பதற்கு நம்மிடமே ஒரு பழைய அளவுகோல் உண்டு. மணிமேகலையில் பத்தாக எண்ணப்பட்ட பிரமாணங்களை, சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கினார். காண்டலாவது பிரத்தியட்சம், கருதலாவது, புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போன்ற அனுமானம், உரையாவது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது. விஞ்ஞானக் கல்வியைப் பற்றிய வாதங்களைத் தொடர்ந்து படித்து வருபவருக்கு, அவை பெரும்பாலும் காண்டலுக்கும் உரைக்கும் இடையே நிகழ்ந்த வழக்காகவே இருப்பதும், நடுவில் நிற்கும் கருதலைப் பற்றி இரு கட்சியினரும் நெடுங்காலம் கவலை கொள்ளாததும் புலப்படக் கூடும்.

கேட்டுக் கற்பதே நமது மரபு என்று சொல்லிவிடுவதும் அத்தனை சரியன்று. ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் எவ்வளவு செவ்வையாகக் கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது கால் பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் வருவது இன்னொரு கால். மீதி அரைப் பங்கும் அவன் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும் என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. கேள்விக் கல்வியின் இலக்கணமாகக் கருதப்படும் நூல் கேள்விக்குக் கால் பங்குதான் ஒதுக்கியது. கைக்கு ஒரு பங்கும் ஒதுக்கவில்லை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

பொருட்பாடத்தின் ஏற்றமும் தேய்வும்

சொல்லுக்கு முன்னால் பொருள் வரவேண்டும் என்ற கொள்கையை ஐரோப்பாவில் ஊன்றியவர்களுள் முதன்மையானவர் கொமேனியஸ். 1658இல் நியூரம்பெர்க்கில் வெளிவந்த அவரது படப் புத்தகம், பொருளைக் காட்ட இயலாவிடில் அதன் படத்தையாவது காட்டு என்ற எண்ணத்தில் பிறந்தது. ரூஸோவின் எமீல் என்ற நூல் 1762இல் அதே கருத்தை இன்னும் தீவிரமாகச் சொல்லிற்று. அதைப் பள்ளிக்கூடமாக ஆக்கிக் காட்ட முயன்றவர் ஸ்விட்ஸர்லாந்தின் பெஸ்டலாட்சி. புலன்களின் வழியே நேர்ப்படும் அறிவே எல்லா அறிவுக்கும் அஸ்திவாரம் என்பது அவருடைய சித்தாந்தம்.

ஆனால் ஒரு மகானின் வகுப்பறையில் உயிரோடு இருப்பது, கையேடாக அச்சேறி ஆயிரம் வகுப்பறைகளுக்குப் போகும்போது அதே உயிரோடு போவதில்லை. இங்கிலாந்தில் எலிசபெத் மேயோ 1830இல் வெளியிட்ட பொருட்பாட நூலின் முதற்பாடம் கண்ணாடி. ஒரு கண்ணாடித் துண்டைக் குழந்தைகளிடம் கொடுத்து, அது வழுவழுப்பானது, குளிர்ச்சியானது, ஒளி ஊடுருவக் கூடியது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது அதன் நோக்கம். நாளடைவில் கண்ணாடித் துண்டு உபாத்தியாயரின் கையிலேயே தங்கிவிட்டது. குழந்தைகளுக்கு மிஞ்சியது "வழுவழுப்பானது, குளிர்ச்சியானது" என்ற கோஷம். டிக்கன்ஸ் 1854இல் எழுதிய ஹார்ட் டைம்ஸ் நாவலில், குதிரைகளுக்கு நடுவே வளர்ந்த சர்க்கஸ்காரர் மகள் குதிரை என்றால் என்னவென்று சொல்லத் தெரியாமல் விழிக்க, அதன் பற்களின் எண்ணிக்கையை ஒப்பிக்கும் பையன் பாராட்டுப் பெறுவான். அந்தப் பரிகாசம் மனப்பாடக் கல்வியின் மீது எய்யப்பட்டதுதான். எனினும் தேய்ந்துபோன பொருட்பாடத்துக்கும் அது பொருந்தும். பொருளைக் கண்டாயிற்று, பெயரும் சொல்லியாயிற்று. இடையில் குழந்தை எதையும் கருதவில்லை.

குழந்தை விஞ்ஞானியா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் ரசாயன அறிஞர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு படி மேலே சென்றார். மாணாக்கன் பொருளைப் பார்ப்பது மட்டும் போதாது, கண்டுபிடிப்பவனின் ஸ்தானத்தில் அவனை நிறுத்த வேண்டும் என்றார் அவர். நமது ஆசிரியப் பயிற்சி நூல்களில் கண்டறி முறை எனப்படுவது இதுவே. இரும்பு துருப்பிடிப்பது அவருக்குப் பிடித்தமான பாடங்களுள் ஒன்று: துருவேறுமுன் எடை, ஏறியபின் எடை, கூடியது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, அதிலிருந்து காற்றைப் பற்றிய விசாரணை என்று அது படிப்படியாக ஏறும். அழகான திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்படிகளை அமைத்தவர் ஆசிரியர். எதை எடை போடவேண்டும் என்று முன்னமே அறிந்தவரும் அவரே. கயிற்றின் நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, பிள்ளை தானாக வழி கண்டதாகப் பாவனை செய்வது கண்டுபிடிப்பாகுமா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். ஜே. ஜே. தாம்ஸன் தலைமையில் அமைந்த குழு 1918இல் தன் அறிக்கையை வெளியிட்ட காலத்தில், இம்முறை பொழுதை விழுங்கிப் பாடத்தின் பரப்பைச் சுருக்கிவிடுகிறது என்ற குறை வலுத்திருந்தது.

அமெரிக்காவில் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய பள்ளியில், சமையலும் நெசவும் தச்சும் விஞ்ஞானத்துக்கு வாயில்களாயின. செயலே கல்வி என்று டூயி சொன்னதாக இரு தரப்பாரும் அவரை மேற்கோள் காட்டுவதுண்டு. அது அவருக்கு இழைக்கும் அநீதி. எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதற்கே இடையூறாகும் என்று 1938இல் அவர் வெளிப்படையாகவே எழுதினார். செய்ததற்கும் விளைந்ததற்கும் உள்ள சம்பந்தத்தைச் சிந்தித்து உணர்வதையே அவர் அனுபவம் என்றார்.

அதே காலத்தில் நம் நாட்டில், 1937 அக்டோபரில் கூடிய வார்தா மகாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி பிறந்தது. காந்தியடிகளின் கருத்தில் கைத்தொழில் என்பது பாடங்களுள் ஒரு பாடமன்று. கணக்கும் பூகோளமும் விஞ்ஞானமும் அதிலிருந்தே கிளைக்க வேண்டும். ஜாகிர் ஹுசேன் குழு இதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூல் நூற்கும் தக்ளியின் சுழற்சியிலும் பஞ்சின் இழையிலும் கற்பிக்க வேண்டிய பௌதிகம் மெய்யாகவே நிறைய இருக்கிறது. ஆனால் பூக்களின் மகரந்தச் சேர்க்கையையும் சந்திரனின் கலைகளையும் தக்ளியோடு பிணைக்க முற்பட்டபோது அந்தப் பிணைப்பு இயல்பாக அமையவில்லை. பல பள்ளிகளில் நூற்பு மட்டும் நிலைத்தது, விஞ்ஞானம் வரவில்லை. ஏழைப் பிள்ளைக்கு ராட்டை, வசதியுள்ள பிள்ளைக்குப் புத்தகம் என்ற பேதத்தை இது நிலைநிறுத்திவிடும் என்று அஞ்சியவர்களும் இருந்தனர். அந்த அச்சத்தை அலட்சியமாகத் தள்ளிவிடுவதற்கில்லை.

ஸ்புட்னிக்குக்குப் பின்

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அதுவரை கல்வியாளரின் கவலையாக இருந்த இப்பிரச்சினை அமெரிக்க அரசாங்கத்தின் கவலையாயிற்று. பணம் தாராளமாக வந்தது. பெரிய பௌதிக அறிஞர்கள் ஆரம்பப் பள்ளிகளின் சிறு நாற்காலிகளில் வந்து அமர்ந்தார்கள். அப்போது உருவான மூன்று திட்டங்களும் ஒரே குரலில் பேசவில்லை. முதலாவது பொருளைக் கொடுத்துக் குழந்தையைத் தன்போக்கில் அளைய விட்டது. டேவிட் ஹாக்கின்ஸ் இதன் தத்துவத்தை 1965இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இரண்டாவது, அளத்தல், வகைப்படுத்தல், அனுமானித்தல் போன்ற திறன்களைத் தனித்தனியே பயிற்றுவித்தது. மூன்றாவது, பெர்க்கிலியில் ராபர்ட் கார்ப்ளஸ் வகுத்தது. முதலில் குழந்தை பொருளோடு பழகும். பிறகு ஆசிரியர் ஒரு கருத்தையும் அதற்குரிய சொல்லையும் அறிமுகப்படுத்துவார். அதன்பின் குழந்தை அக்கருத்தை வேறு பொருள்களில் பிரயோகித்துப் பார்க்கும். சொல்லைக் குழந்தை தானே கண்டுபிடிக்காது என்பதைக் கார்ப்ளஸ் ஒப்புக்கொண்டார். செயல்வழிக் கட்சியின் மிகத் தேர்ந்த மூளைகளில் ஒன்று உரைக்கு இடம் ஒதுக்கியே தன் முறையை அமைத்தது என்பது பிற்கால விவாதங்களில் மறந்துபோயிற்று.

இத்திட்டங்களால் விளைந்தது என்ன? 57 ஆய்வுகளைத் திரட்டி டெட் பிரெடர்மன் 1983இல் வெளியிட்ட தொகுப்பு, விஞ்ஞானச் செய்முறைத் திறன்களில் குறிப்பிடத் தக்க ஏற்றமும், பாடப்பொருள் அறிவில் சிறிதளவு ஏற்றமும் இருந்ததாகக் காட்டியது. பின்தங்கிய சூழலிலிருந்து வந்த குழந்தைகளுக்கே ஆதாயம் மிகுதி என்பது அதில் முக்கியமானது. ஆயினும் இவ்வகுப்புகளில் பல, பயிற்சி பெற்ற ஆசிரியரும் நிறைந்த உபகரணப் பெட்டியும் கொண்டவை. பெட்டி காலியானதும் அதை மீண்டும் நிரப்புவார் யாருமில்லாத பள்ளியைப் பற்றி அத்தொகுப்பு நமக்கு அதிகம் சொல்லாது.

பல்பு எரிந்த பின்

எண்பதுகளில் விவாதத்தின் திசையே மாறியது. அதற்குக் காரணமான பரிசோதனை மிகச் சிறியது: ஒரு டார்ச் பல்பு, ஒரு பாட்டரிக் கட்டை, ஒரு சாண் கம்பி. இம்மூன்றையும் கொண்டு பல்பை எரிய வை என்று சொன்னால், பெரும்பாலான குழந்தைகள் முதலில் பல்பின் அடியைக் கட்டையின் குமிழில் வைத்துப் பார்ப்பார்கள். அல்லது குமிழிலிருந்து ஒரு கம்பியைப் பல்பின் அடிக்குக் கொண்டுபோவார்கள். குழாயிலிருந்து குடத்துக்குத் தண்ணீர் வருவது போல மின்சாரம் வந்து பல்பை நிரப்பும் என்பது அவர்களுடைய எண்ணம். எரிவதில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, பல்பின் அடிப்புள்ளி கட்டையின் ஒரு முனையையும், அதன் பக்கவாட்டுத் தகடு கம்பியின் வழியே மறு முனையையும் தொட்ட கணத்தில் வெளிச்சம் வரும், வகுப்பு ஆரவாரிக்கும். செயல்வழிக் கல்வியின் பிரசாரப் படங்கள் இந்தக் கணத்தோடு முடிந்துவிடுவது வழக்கம்.

ஆனால் எரிகிற பல்பைக் காட்டி, இப்போது கம்பியில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் வேறு சேதி கொண்டுவந்தார்கள். நியூஸிலாந்தில் ரோஜர் ஆஸ்பார்னும் அவரைச் சேர்ந்தவர்களும் குழந்தைகளோடு உரையாடிப் பார்த்ததில், கட்டையின் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் கிளம்பிப் பல்பில் வந்து மோதுகிறது, மோதலில்தான் வெளிச்சம் பிறக்கிறது என்று நம்பும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பக்கமாகத்தான் போகிறது, ஆனால் பல்பு அதில் பாதியைத் தின்றுவிடுகிறது என்றவர்கள் வேறு. பரிசோதனை வெற்றி; காண்டலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கண்டதற்கு இவை யாவும் விளக்கமாகப் பொருந்துகின்றன. பல்பின் வெளிச்சம் எதையும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டுமாயின் வேறொரு பரிசோதனை வேண்டும்: பல்பின் முன்னும் பின்னும் கம்பியை வடக்குத் தெற்காக ஒரே நேர்கோட்டில் நீட்டி, இரண்டிடத்திலும் கம்பிக்கு அடியில் காந்த ஊசியை வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் இருபுறமிருந்தும் வந்து மோதுமானால் ஊசி ஓரிடத்தில் ஒரு பக்கமும் மற்றோரிடத்தில் எதிர்ப்பக்கமும் திரும்ப வேண்டும். பல்பு பாதியைத் தின்னுமானால் ஓரிடத்தில் கூடவும் மற்றோரிடத்தில் குறையவும் திரும்ப வேண்டும். இரண்டும் நிகழ்வதில்லை. ஒரே பக்கம், ஒரே அளவு. இந்த ஊசியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது எந்தக் குழந்தைக்கும் தானாகத் தோன்றாது. அதுதான் ஆசிரியரின் இடம். ஊசி எப்பக்கம் திரும்பும் என்று வைப்பதற்கு முன்னரே குழந்தையைச் சொல்ல வைத்தால்தான் திரும்பியதற்கு அர்த்தம் உண்டு. அதுதான் கருதலின் இடம்.

இங்கிலாந்தில் ரோஸலிண்ட் டிரைவர் 1983இல் எழுதிய நூல், செய்தால் விளங்கிவிடும் என்ற பழமொழியையே கேள்விக்குரியதாக்கியது. செய்தபின் குழப்பம் மிகுவதும் உண்டு என்று காட்டியது. 2008இல் ஏப்ரஹாம்ஸ், மில்லர் இருவரும் இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளைக் கவனித்து எழுதிய கட்டுரையும் அதனோடு ஒத்துப்போகிறது: பொருள்களைக் கொண்டு செய்யச் சொன்னதை மாணவர் செய்துவிடுகிறார்கள்; அதற்குரிய கருத்துகளைக் கொண்டு சிந்திக்கச் செய்வதில்தான் பாடம் தோற்கிறது. அவை மேல்வகுப்புகள் என்பது உண்மையே. எனினும் ஆரம்பப் பள்ளியில் நிலைமை இதைவிட நன்றாயிருக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் எதுவும் கண்ணில் படவில்லை.

நேரே சொல்லிவிட்டால் என்ன?

இந்த ஐயங்களே எதிர்க்கட்சிக்கு ஆயுதமாயின. டேவிட் கிளார், மிலேனா நிகாம் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் சாய்பலகைகளும் பந்துகளும் கொடுக்கப்பட்டன. பந்து எவ்வளவு தூரம் உருளும் என்பதை அறிய, பலகையின் சரிவு, அதன் பரப்பு, உருளும் நீளம், பந்தின் வகை ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைக்க வேண்டும் என்ற நியாயத்தைக் குழந்தைகள் பிடித்துக்கொள்கிறார்களா என்பது கேள்வி. எடுத்துச் சொல்லப்பட்ட குழுவில் 77 சதவீதம் பேர் தேர்ந்தனர். தாமே கண்டுகொள்ள விடப்பட்ட குழுவில் 23 சதவீதம். இரண்டாண்டுகளில் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும், வழிகாட்டல் குறைந்த கல்வி மனத்தின் குறுகிய நினைவாற்றலுக்கு மீறிய சுமையை ஏற்றுகிறது, ஆகவே அது தோற்பது இயல்பு என்று கோட்பாட்டு அளவிலும் வாதித்தனர்.

இவ்வாதம் வலுவானது, ஆனால் அதன் எல்லையையும் காண வேண்டும். எடுத்துச் சொல்லப்பட்ட குழுவின் கைகளும் கட்டப்பட்டிருக்கவில்லை. அவர்களும் சாய்பலகையைக் கையாண்டவர்களே. மற்றக் குழுவுக்கோ எந்த விளக்கமும் மறுமொழியும் இல்லை. ஆசிரியரை வாய் மூடச் செய்துவிட்டு அதற்குக் கண்டறி முறை என்று பெயர் வைத்துத் தோற்கடிப்பது எளிது. டீன், கூன் இருவரும் 2007இல், பல வாரங்கள் நீடித்த பயிற்சியில் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒருமுறை எடுத்துச் சொன்னது மட்டும் நிலைத்த பயனுக்குப் போதவில்லை என்று கண்டனர். 2012இல் ஃபர்டாக் முதலானோர் 37 ஆய்வுகளைத் தொகுத்தபோது ஆசிரியர் முன்னின்று நடத்திய விசாரணை வகுப்புகள், மாணவர் போக்கில் விட்ட வகுப்புகளைவிடச் சிறந்திருந்தன. 2015இன் பிஸா என்னும் பன்னாட்டுத் தேர்வில், விசாரணை வகுப்புகள் அடிக்கடி நடப்பதாகச் சொன்ன மாணவர்கள் பல நாடுகளில் குறைந்த மதிப்பெண் பெற்றது இன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவர்கள் பதினைந்து வயதினர். பலவீனமான வகுப்புகளில்தான் ஆசிரியர்கள் செய்முறையை அதிகம் நாடுகிறார்களா என்பதும் அதிலிருந்து தெரியாது. அதை ஆரம்பப் பள்ளியின் மீது சுமத்துவது நியாயமாகப் படவில்லை.

ஹோஷங்காபாத்தும் தமிழ்நாடும்

நமது நாட்டில் இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் மிகவும் ஆழமானது மத்தியப் பிரதேசத்தில் கிடைத்தது. 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரண்டு அமைப்புகள், ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு பரீட்சார்த்தத்தைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் அதைத் தாங்கவென்றே ஏகலவ்யா என்ற அமைப்பு நிறுவப்பட்டது. பிள்ளைகள் நான்கு பேராகச் சேர்ந்து பரிசோதனை செய்தார்கள். பால வைஞானிக் என்ற பாடநூலில் செய்முறையும் கேள்விகளும் இருந்தன, விடைகள் இல்லை. ஸவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டார்கள், பதிலும் வந்தது. சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் கோத்து உருவங்கள் அமைக்கும் விளையாட்டை அர்விந்த் குப்தா இங்கேதான் வளர்த்தார்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் குறிப்பிட வேண்டியது அதன் தேர்வு. புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். தனியே செய்முறைத் தேர்வும் உண்டு. மற்றத் திட்டங்கள் கைவைக்கத் துணியாத இடத்தில் இது கைவைத்தது. முப்பது ஆண்டுகள் நடந்தபின் 2002இல் மாநில அரசு அதை முடித்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் மேல்வகுப்புத் தேர்வுகளில் பின்தங்குகிறார்கள் என்ற முறையீடு அப்போது எழுப்பப்பட்டது. திட்டத்தை நடத்தியவர்கள் அதை மறுத்தார்கள். பெற்றோரின் அக்கவலை முழுதும் பொய்யென்று தள்ளக் கூடியதன்று; பத்தாம் வகுப்பு வாசலில் காத்திருப்பது வேறு வகையான தேர்வுதானே.

தமிழ்நாட்டின் வரலாறு வேறு விதம். 1939இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி போர்க்கால ஆண்டுகளை இந்நாட்டிலேயே கழித்துப் பல ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆயினும் அவர் முறை பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளில் தங்கிவிட்டது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அதன் துளிர் இதழும், எளிய பரிசோதனைகளைப் பள்ளிக்கு வெளியே கொண்டுபோயின. அரசுப் பள்ளிக்குள் வந்த பெரிய மாறுதல், 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலமெங்கும் நான்காம் வகுப்பு வரை பரப்பப்பட்ட செயல்வழிக் கற்றல். ரிஷிவாலிப் பள்ளியின் முறையைத் தழுவிய இதில், குழந்தை ஏணிப்படியில் தன் படியைப் பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துத் தன் வேகத்தில் கற்றது. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார்; இது சாமானியமான மாறுதலன்று. ஆனால் செயல் என்ற சொல் இங்கே பெரும்பாலும் அட்டையோடு செய்யும் செயலைக் குறித்தது. வேரின் படம் உள்ள அட்டை, வேர் ஆகாது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பொருள்களோடு பரிசோதனையாளரை அனுப்புகிறது. அவர் வந்துபோன மறுநாள் வகுப்பில் என்ன பேசப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும்.

எஞ்சி நிற்பவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கையில், தீர்ந்துவிட்டதாகக் கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. வழிகாட்டாமல் விட்ட கையும், கைபடாமல் சொன்ன சொல்லும் ஆரம்பப் பள்ளியில் குறைந்த பலனே தருகின்றன. இதைப் பற்றி ஆய்வாளரிடையே இன்று பெரிய அபிப்பிராய பேதம் இல்லை. தீராதவை பல. வழிகாட்டல் எந்த அளவில் நின்றால் குழந்தையின் கருதல் குழந்தையுடையதாகவே இருக்கும் என்பதற்கு யாரிடமும் அளவுகோல் இல்லை. நாற்பது பிள்ளைகளும் ஒரே ஆசிரியரும் உள்ள அறைக்கு, பத்துப் பேர் அறையில் கண்ட முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பதும் தெளிவாகவில்லை. எட்டு வயதில் பெற்ற விசாரணைப் பழக்கம் பதினெட்டு வயதில் எஞ்சுகிறதா என்பதை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் மிகச் சிலவே.

எல்லாவற்றிலும் கடினமான பிரச்சினை, ஒரு சாதாரணக் கண்ணாடி டம்ளரில் இருக்கிறது. ஒரு குச்சியில் மூன்று அவரை விதைகளை மேல், நடு, அடி எனக் கட்டி, நடுவிதை பாதி நனையும்படி தண்ணீர் ஊற்றி வைக்கும் பரிசோதனை நம் பாடநூல்களில் பழையது. மேல்விதைக்குத் தண்ணீர் இல்லை, அடிவிதைக்குக் காற்று இல்லை, நடுவிதையே முளைக்கும். ஆகவே முளைக்கக் காற்றும் நீரும் தேவை என்பது எதிர்பார்க்கும் முடிவு. ஆனால் தண்ணீரிலும் சிறிது காற்று கரைந்திருக்கிறது. நான்காம் நாள் பார்த்தால் அடிவிதையும் உப்பித் தோல் வெடித்து வெள்ளையாக ஒரு முளை நீட்டியிருப்பதுண்டு. "காண்பன" என்ற தலைப்பின் கீழ், பிள்ளைகளில் பெரும்பாலோர் அடிவிதை முளைக்கவில்லை என்றே எழுதுவார்கள். புத்தகம் அப்படிச் சொல்கிறது, பக்கத்துப் பையனும் அப்படித்தான் எழுதியிருக்கிறான். யாரோ ஒரு பெண் மட்டும் அடிவிதையும் கொஞ்சம் முளைத்தது என்று எழுதியிருப்பாள். அவளுக்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்பதை மேலே சொன்ன ஆய்வுகளில் ஒன்றும் முடிவு செய்வதில்லை. சிவப்பு மையோடு அந்த நோட்டைத் திருத்த உட்காரும் உபாத்தியாயரே முடிவு செய்கிறார்.